அணியின் பின்னால் ஓடுவதா, ஓர் ஊரில் தங்கிவிடுவதா?

யூரோ 2020 கால்பந்துப் போட்டி ஓராண்டு தள்ளிப்போய், 2021-இல் பதினோரு நாடுகளின் பதினோரு நகரங்களில் நடந்தது. அதன் ஏ பிரிவில் இத்தாலி, சுவிட்சர்லாந்து, வேல்ஸ், துருக்கி. ஒரே பிரிவுதான், ஆனால் ரசிகர்களுக்கு நான்கு விதமான பயணம். இத்தாலிக்காரருக்கு மூன்று லீக் ஆட்டமும், அதாவது பிரிவுக்குள் ஆடும் முதல் சுற்று ஆட்டம் எல்லாம், ரோமில். வேல்ஸ் ரசிகர் அஜர்பைஜானின் பாகுவில் இரண்டு ஆட்டம் பார்த்துவிட்டு ரோமுக்கு வரவேண்டும். துருக்கிக்காரர் ரோமில் தொடங்கிப் பாகுவில் முடிக்கவேண்டும். பாவம் சுவிஸ்காரர். ஜூன் 12 பாகு, 16 ரோம், 20 மறுபடி பாகு. அதோடு விட்டதா? கடைசி 16 சுற்றுக்கு 28-ஆம் தேதி ருமேனியாவின் புக்கரெஸ்ட். அங்கே பிரான்ஸை பெனால்டியில் வீழ்த்தியதால் ஜூலை 2 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க். மூன்று வாரத்துக்குள் நான்கு நாடு, ஐந்து ஆட்டம்.

அது நோய்த்தொற்றுக் காலம், நேரில் போனவர்கள் குறைவு. ஆனாலும் பயணத் திட்டம் போடுகிறவர்களுக்கு அந்த ஏ பிரிவைத்தான் நான் எப்போதும் எடுத்துக்காட்டுவேன். தேசிய அணியைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது “டிக்கெட் கிடைக்குமா?” என்றுதான். அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, எந்த மாதிரிப் பயணம் என்பது. அணி போகுமிடமெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதா, ஓர் ஊரில் அறை எடுத்துக்கொண்டு போய்ப்போய் வருவதா, சில ஆட்டங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதா, இல்லை எல்லாவற்றையும் ஒரு பேக்கேஜ்காரரிடம் விட்டுவிடுவதா? இதற்குப் பதில் உங்களுக்கு அணி மேல் எவ்வளவு பாசம் என்பதில் இல்லை. போட்டி நடக்கும் நாட்டின் வரைபடத்தில் இருக்கிறது.

கையில் உறுதியாக இருப்பது எவ்வளவு?

மூன்று லீக் ஆட்டம். அவ்வளவுதான். எவ்வளவு பெரிய அணியாக இருந்தாலும் நான்காவது ஆட்டம் என்பது நம்பிக்கை. 2014 உலகக் கோப்பைக்கு நடப்பு உலகச் சாம்பியனாக பிரேசிலுக்கு வந்த ஸ்பெயின், நெதர்லாந்திடம் 1-5, சிலியிடம் 0-2 என்று தோற்று இரண்டே ஆட்டத்தில் வெளியேறியது. மூன்றாவது ஆட்டத்துக்கு குரிச்சிபா போன ஸ்பெயின் ரசிகர்கள் எதற்காகப் போகிறோம் என்று தெரியாமலேதான் போயிருப்பார்கள்.

2018 ரஷ்ய உலகக் கோப்பையில், அப்போதைய நடப்புச் சாம்பியன் ஜெர்மனி. இது இன்னும் நல்ல பாடம், ஏனென்றால் அட்டவணையை எப்படிப் படிக்கவேண்டும் என்பதும் இதில் இருக்கிறது. ஜெர்மனி எஃப் பிரிவில். பிரிவில் முதலிடம் பிடித்தால் ஜூலை 3 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க், இரண்டாமிடம் என்றால் ஜூலை 2 அன்று சமாரா. எந்த அணி எந்தப் பிரிவில் என்று முடிவு செய்யும் குலுக்கல் முடிந்த அன்றே இது எல்லாருக்கும் தெரியும். சாம்பியன் அணியாயிற்றே, முதலிடம்தான் என்று பீட்டர்ஸ்பர்க்கில் ரிஃபண்ட் இல்லாத அறை போட்டவர் ஒருவர் இருந்திருந்தால், அவருக்கு மிஞ்சியது சுவீடன்–சுவிட்சர்லாந்து ஆட்டம். ஜூன் 27 அன்று கசானில் தென் கொரியா 2-0 என்று ஜெர்மனியின் கதையை முடித்துவிட்டது. இந்த மாதிரி இடத்தில் செய்யவேண்டியது ஒன்றுதான்: இரண்டு ஊரிலும், கடைசி நாள் வரை ரத்து செய்யக்கூடிய அறை. ஒன்றை நிச்சயம் ரத்து செய்வோம், இரண்டையும் ரத்து செய்ய வேண்டியும் வரலாம். ஒவ்வொன்றுக்கும் ரத்து செய்யக் கடைசித் தேதி எது என்று போன் காலண்டரில் போட்டுவையுங்கள். அந்தத் தேதி தப்பினால், ரத்து செய்யலாம் என்ற வசதிக்காகக் கூடுதலாகக் கொடுத்த பணமும் வீண்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பிரான்சில் நடந்த யூரோ 2016-க்கு வந்த ஐஸ்லாந்து அதற்கு முன் எந்தப் பெரிய போட்டியிலும் ஆடியதில்லை. மக்கள்தொகை மூன்றரை லட்சம்கூட இல்லை. செயின்ட் எட்டியென், மார்சேய், செயின்ட் டெனி என்று மூன்று ஆட்டத்துக்குத் திட்டம் போட்டு வந்தவர்கள், ஜூன் 22 அன்று ஆஸ்திரியாவுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் விழுந்த கோலுக்குப் பிறகு விழித்திருப்பார்கள். அடுத்தது 27-ஆம் தேதி நீஸில், இங்கிலாந்துடன். ஊருக்குப் போய்விட்டு வருவதா, இங்கேயே ஐந்து நாள் காத்திருப்பதா, லீவை நீட்டமுடியுமா? நீஸில் 2-1 என்று ஜெயித்ததும் அதே கேள்வி மறுபடி. ஜூலை 3 அன்று காலிறுதி, திரும்ப செயின்ட் டெனியில். தோல்விக்குத் திட்டம் போடாதவர் பணத்தை இழக்கிறார். வெற்றிக்குத் திட்டம் போடாதவரோ வாழ்நாளில் ஒருமுறை வரும் ஆட்டத்தை இழக்கிறார். எது பெரிய இழப்பு என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு நிலை இருக்கிறது, பலர் அதை மறந்துவிடுகிறார்கள். மூன்றாம் இடம் பிடித்த அணிகளில் சிறந்தவையும் முன்னேறும் போட்டிகளில், உங்கள் அணியின் ஆட்டம் முடிந்த பிறகும் முடிவு தெரியாது. அதே யூரோ 2016-இல் அல்பேனியா ஜூன் 19 அன்று ருமேனியாவை 1-0 என்று வென்றது. அதன் பிறகு மற்ற பிரிவுகள் முடியும்வரை, ஜூன் 22 வரை காத்திருந்து, கடைசியில் வெளியேறியது. மூன்று நாள் பெட்டியும் கையுமாக உட்கார்ந்திருப்பது. 2026 உலகக் கோப்பையின் அமைப்பிலும் இதே விதிதான்: 48 அணி, 12 பிரிவு, ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு அணிகள், அப்புறம் மூன்றாமிடக்காரர்களில் சிறந்த எட்டு. இப்படிப்பட்ட போட்டி என்றால் திரும்பும் பிளைட்டை மூன்றாவது ஆட்டத்துக்கு மறுநாள் வைக்காதீர்கள். தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக வாங்குங்கள், அல்லது நாலு நாள் இடைவெளி விடுங்கள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது

இதற்கென்றே டிக்கெட் உண்டு. அணியைத் தொடரும் டிக்கெட் என்ற வகையை ஃபிஃபாவும் ஐரோப்பிய சம்மேளனமும் பல போட்டிகளில் விற்றிருக்கின்றன. அணி எந்த ஊரில் ஆடினாலும் உங்களுக்கு ஓர் இருக்கை. அணி வெளியேறிவிட்டால் ஆடாத ஆட்டங்களின் பணம், ஒரு கட்டணம் பிடித்துக்கொண்டு, திரும்பி வரும். விதி போட்டிக்குப் போட்டி மாறும் என்பதால், பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பத்தியை மட்டுமாவது வரி வரியாகப் படியுங்கள். இன்னொரு வழி தேசிய சம்மேளனத்தின் ரசிகர் ஒதுக்கீடு. அண்மை உலகக் கோப்பைகளில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும், விற்பனைக்கு வரும் டிக்கெட்டில் 8 சதவீதம் ஆடும் அணியின் சம்மேளனத்துக்குப் போயிருக்கிறது. அதன் பெரிய லாபம் விலை அல்ல, கூட்டம். உங்கள் நிறச் சட்டைக்காரர்கள் நடுவே நிற்பீர்கள். ஆனால் சில நாடுகளில் இதற்கு உறுப்பினராக இருக்கவேண்டும், முந்தைய வெளியூர் ஆட்டங்களுக்குப் போன கணக்கும் பார்ப்பார்கள். குலுக்கல் அன்று விழித்துக்கொண்டால் நேரம் கடந்திருக்கும்.

சரி, டிக்கெட்டுக்கு ‘அணி ஜெயித்தால்’ என்ற நிபந்தனை இருக்கிறது. பிளைட்டுக்கும் அறைக்கும் அப்படி ஒன்று கிடையாது. ஓட்டப் பயணத்தின் ஓட்டை அங்கேதான். ஆடுகளத்தில் இருக்கை காத்திருக்கும், அங்கே போய்ச் சேரும் வழியை மூன்று நாளைக்குள் நீங்கள்தான் கண்டுபிடிக்கவேண்டும், அதே மூன்று நாளில் இன்னும் பல்லாயிரம் பேர் அதே விமானத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஓடும் பயணத்தில் ஆட்ட நாள் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காலை 11 மணிக்கு அறையைக் காலி செய்யவேண்டும். ஆட்டம் இரவு 9 மணிக்கு. நடுவில் பத்து மணி நேரம், கையில் சக்கரப் பெட்டி. ஸ்டேடியத்துக்குள் அதை விடமாட்டார்கள், வாசலில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. ரயில் நிலைய லாக்கர் எல்லாம் காலையிலேயே நிரம்பியிருக்கும், ஏனென்றால் உங்களைப் போலவே இன்னும் ஆயிரம் பேர். ஆட்டம் முடிந்து 11 மணி, கூடுதல் நேரம் பெனால்டி என்று போனால் நள்ளிரவு நெருங்கும். அந்நேரத்துக்கு நகரத்தின் மறுமூலைக்குப் போய்ப் பெட்டியை எடுக்கவேண்டும். முதல் ஊரில் இது சாகசம், மூன்றாவது ஊரில் தலைவலி. என் அனுபவத்தில், ஓடப் போகிறவர்கள் தோளில் மாட்டும் ஒரே பையோடு போவதுதான் சரி. ஆட்ட நாள் இரவையும் சேர்த்து அறை எடுத்துவிடுங்கள். ஓர் இரவு வாடகை மிச்சம் என்று நினைத்து நள்ளிரவு ரயிலுக்குத் திட்டம் போட்டு, ஸ்டேடியம் வாசல் கூட்டத்தில் மாட்டி அந்த ரயிலை விட்டவன் நான்.

எந்த நாட்டில் ஓடலாம்? ரயில் நல்லபடியாக ஓடும் நாட்டில். 2018-இல் ரஷ்யா பெரிய நாடுதான், கலினின்கிராடிலிருந்து யெகாதெரின்பர்க் வரை 11 நகரங்கள். ஆனாலும் ஆட்ட டிக்கெட்டும் ரசிகர் அட்டையும் வைத்திருந்தவர்களுக்கு நகரங்களுக்கிடையே இலவச ரயில் விட்டார்கள். இரவு படுக்கையில் ஏறினால் காலையில் அடுத்த ஊர், அறை வாடகையும் இல்லை. அதிலும் ஒரு பொறி இருந்தது. அப்போது ரஷ்ய ரயில் டிக்கெட்டில் அச்சாகியிருந்தது மாஸ்கோ நேரம், நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும். யெகாதெரின்பர்க் மாஸ்கோவைவிட இரண்டு மணி நேரம் முன்னால். டிக்கெட்டில் பிற்பகல் 3 மணிக்குச் சேரும் என்றால் ஊர்க் கடிகாரத்தில் அது மாலை 5. அங்கே எகிப்து–உருகுவே ஆட்டம் தொடங்கியதும் சரியாக மாலை 5 மணிக்குத்தான். ஒரு நாட்டுக்குள்ளேயே நேர மண்டலம் மாறும் போட்டி என்றால், எல்லா நேரத்தையும் ஆட்டம் நடக்கும் ஊரின் நேரத்துக்கு மாற்றி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போன் தானாக மாற்றும், தாள் மாற்றாது. தாளைத்தான் நான் நம்புவேன்.

ஓடக்கூடாத நாட்டுக்கு உதாரணம் 2014 பிரேசில். அமெரிக்க அணியின் மூன்று லீக் ஆட்டங்கள் நட்டாலில், அமேசான் நடுவே மனாவுஸில், பிறகு ரெசிஃபேயில். அணியின் முகாமோ தெற்கே சாவோ பாவ்லோவில். அணிக்குத் தனி விமானம் இருந்தது. ரசிகருக்கு?

ஓர் ஊரில் கூடாரம் அடிப்பது

என் சாய்வு இந்தப் பக்கம்தான், மறைப்பானேன். பெட்டி ஓரிடத்தில் இருக்கும், துணி துவைக்கலாம், பக்கத்துக் கடைக்காரர் முகம் பழகிவிடும். தோற்ற இரவில் தெரிந்த படுக்கைக்குத் திரும்புவது சின்ன விஷயமில்லை.

இதற்கு மிகப் பொருத்தமாக அமைந்தது கத்தார் 2022. எட்டு ஸ்டேடியங்கள், ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் இருந்தவற்றுக்கு நடுவே சுமார் 75 கி.மீ. அவ்வளவுதான். லீக் சுற்றில் பல நாள் தினம் நான்கு ஆட்டம், ஆகவே சொந்த அணி ஆடாத நாளிலும் ஆட்டம் பார்க்கலாம். தோஹாவில் அறை கிடைக்காதவர்கள் துபாயிலும் மஸ்கட்டிலும் தங்கி, காலையில் பறந்து வந்து இரவில் திரும்பினார்கள். கேட்க அழகாக இருக்கும் இந்த யோசனையில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆட்டம் பார்க்கும் மூன்று மணி நேரத்துக்காக விமான நிலைய வரிசையில் அதைவிட அதிகம் நிற்பது கூடாரம் அடிப்பதில் சேராது.

யூரோ 2024 ஜெர்மனியும் கூடாரத்துக்கு ஏற்ற நாடு. பத்து நகரங்களில் நான்கு, கொலோன், டூசல்டார்ஃப், டோர்ட்மண்ட், கெல்சென்கிர்ஷன், ஒரே மாநிலத்தில் பக்கம் பக்கமாக. ஆட்ட டிக்கெட்டோடு 36 மணி நேரத்துக்கு உள்ளூர்ப் போக்குவரத்தும் இலவசம். ஆனால் பக்கம் என்று வரைபடத்தில் தெரிவது வேறு, இரவு 11 மணிக்கு நிற்கும்போது தெரிவது வேறு. கெல்சென்கிர்ஷனில் இங்கிலாந்து–செர்பியா ஆட்டம் முடிந்து ரசிகர்கள் டிராமுக்காக எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பது அந்த வாரச் செய்திகளில் எல்லாம் வந்தது. கூடாரம் எங்கே என்று தேர்ந்தெடுக்கும்போது ‘எவ்வளவு தூரம்’ என்று பார்க்காதீர்கள். ‘நள்ளிரவுக்குப் பிறகு கடைசி வண்டி எப்போது’ என்று பாருங்கள்.

அப்புறம், அட்டவணையில் இருக்கும் ஊர்ப் பெயரை நம்பாதீர்கள். 2026 அட்டவணையில் ‘பாஸ்டன்’ என்று இருக்கும், ஸ்டேடியம் ஃபாக்ஸ்பரோவில். ‘நியூயார்க்’ என்று இருக்கும், ஸ்டேடியம் ஆற்றுக்கு அப்பால் நியூஜெர்சியில். ‘டல்லாஸ்’ என்றால் ஆர்லிங்டன், ‘சான் பிரான்சிஸ்கோ’ என்றால் சான்டா கிளாரா. நகரின் மையத்தில் ஆசையாக அறை எடுத்துவிட்டு, ஆட்டத்தன்று ஒரு மணி நேரத்துக்கும் மேல் பயணம் என்று தெரிந்து நொந்துகொள்வது வழக்கமாக நடப்பது. ஸ்டேடியத்தின் பெயரைப் போட்டுத் தூரம் பாருங்கள்.

கூடார ஊர் முதல் ஆட்டம் நடக்கும் ஊராக இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. எங்கிருந்து எல்லாப் பக்கமும் வண்டி போகிறதோ அதுதான் நல்ல ஊர். ஸ்காட்லாந்துக்கு 2026 லீக் சுற்றில் அமைந்த மாதிரி அமைந்தால் யோசிக்கவே வேண்டாம்: முதல் இரண்டு ஆட்டமும் பாஸ்டன், மூன்றாவது மயாமி. ஒரே இடமாற்றம். 16 நகரங்களை மேற்கு, மத்தி, கிழக்கு என்று மூன்று வட்டாரமாகப் பிரித்து லீக் ஆட்டங்களை வகுத்ததே இந்த ஓட்டத்தைக் குறைக்கத்தான். ஆனால் தோற்றால் வெளியேறும் நாக்அவுட் சுற்று தொடங்கினால் வட்டாரக் கணக்கு உடையும் என்பதையும் மனதில் வையுங்கள். வான்கூவருக்கும் மயாமிக்கும் நடுவே ஒரு கண்டத்தின் குறுக்களவு கிடக்கிறது.

ஒரே ஒரு வாரம்தான் லீவு என்றால்

மூன்று ஆட்டத்தையும் பார்க்க முடியாதவர்கள்தான் உண்மையில் அதிகம். எதை விடுவது? பலரும் முதல் இரண்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதற்கு நியாயமும் இருக்கிறது. இரண்டாவது ஆட்டம் தொடங்கும்போது எந்த அணியும் வெளியேறியிருக்காது. உயிருள்ள ஆட்டம் என்று உத்தரவாதம் உள்ளவை அந்த இரண்டும்தான். மூன்றாவது, ஸ்பெயினுக்கு 2014-இல் ஆனதுபோல, வெறும் சடங்காகப் போய்விடலாம்.

ஆனாலும் என்னைக் கேட்டால் இரண்டாவதும் மூன்றாவதும். முதல் ஆட்டத்தில் இரு அணியும் தோல்விக்குப் பயந்து ஆடும். மூன்றாவதில் ஒரே பிரிவின் இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில் தொடங்கும். 1982 ஸ்பெயின் உலகக் கோப்பையில் அல்ஜீரியா முந்தைய நாளே ஆடி முடித்துவிட, மறுநாள் கிகோனில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் இருவருக்கும் வசதியான 1-0 ஸ்கோரோடு பந்தைத் தட்டிக்கொண்டே நேரம் கடத்தி, அல்ஜீரியாவை வெளியே தள்ளின. அதன் விளைவுதான் 1986 முதல் இருக்கும் இந்த விதி. இதனால் மூன்றாவது ஆட்டத்தில் ஸ்டேடியம் இரண்டு ஆட்டத்தைப் பார்க்கும். எதிரே நடப்பது ஒன்று, போனில் ஓடுவது இன்னொன்று. 2018-இல் ஜப்பானும் செனகலும் எல்லாக் கணக்கிலும் சமமாகி, மஞ்சள் அட்டை எண்ணிக்கையில் ஜப்பான் முன்னேறியது. வோல்கோகிராடில் போலந்திடம் 0-1 என்று தோற்றுக்கொண்டே ஜப்பான் அணி பந்தைத் தட்டிக்கொண்டு நின்றபோது, பார்வையாளர் கவனமெல்லாம் சமாராவில் நடந்துகொண்டிருந்த செனகல் ஆட்டத்தின் மேல்தான். டிவியில் இது புரியும். நேரில்தான் வயிற்றைக் கலக்கும். மூன்றாமிடத்துக்கும் வாய்ப்பு உள்ள போட்டிகளில் மூன்றாவது ஆட்டம் சடங்காகும் சாத்தியமும் குறைவு. மூன்றாவது ஆட்டத்துக்குப் பிறகு இன்னும் லீவு மிச்சமிருந்தால் தொடரலாம் என்ற வசதியும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாக்அவுட்டுக்கு மட்டும் போவது என்று ஒரு திட்டம் உண்டு. காலிறுதி நடக்கும் ஓர் ஊருக்கு முன்கூட்டியே டிக்கெட்டும் அறையும் எடுத்துவிட்டு, அணி அங்கே வந்து சேரும் என்று காத்திருப்பது. போட்டியை ரசிப்பவருக்கு அது நல்ல திட்டம். அணியைப் பார்க்கப் போகிறவருக்கு அது லாட்டரி.

பேக்கேஜ்காரரிடம் விடுவது

பிளைட், அறை, ஆட்ட டிக்கெட், ஸ்டேடியத்துக்கு பஸ் எல்லாம் சேர்த்து ஒரே விலை. விலை அதிகம்தான், ஆனால் வயதான பெற்றோரையோ சின்னப் பிள்ளைகளையோ கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். கேட்கவேண்டியது இரண்டே கேள்வி. இவர்கள் போட்டி அமைப்பாளர்களிடம் அங்கீகாரம் பெற்றவர்களா? இல்லையென்றால் ஆட்ட டிக்கெட்டை எங்கிருந்து எடுத்துத் தருவார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது, மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கிய கதைதான். இரண்டாவது, ஒப்பந்தத்தில் இருப்பது ‘உங்கள் அணியின் ஆட்டம்’ என்றா, ‘இத்தனையாம் எண் ஆட்டம்’ என்றா? இரண்டாவதாக இருந்தால் அணி வெளியேறினாலும் பணம் திரும்பாது. வேறு யாரோ ஆடுவதைப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான்.

குலுக்கலுக்கு முன்பா, பின்பா?

2026 உலகக் கோப்பையின் குலுக்கல் நடந்தது 2025 டிசம்பர் 5. அன்று வரை எந்த ஊர் என்று தெரியாது, போட்டியை நடத்தும் நாட்டு அணிகளுக்கு மட்டும் முன்பே தெரியும். பிளே-ஆஃப் என்ற கடைசித் தகுதிச் சுற்றில் தகுதி பெறும் அணிகளின் ரசிகர்களுக்கோ மார்ச் கடைசி வரை தகுதியே உறுதியில்லை, போட்டி ஜூனில். குலுக்கல் முடிந்த சில மணி நேரத்தில் அந்தந்த ஊர்களின் அறை விலை ஏறிவிடும். அதனால் என் வழக்கம் இது: குலுக்கலுக்கு முன்பே, பல பக்கமும் வண்டி போகும் இரண்டு ஊர்களில் ரத்து செய்யக்கூடிய அறை. குலுக்கல் முடிந்ததும் ஒன்றை விடுவது. நாட்டுக்குள் போகவும் வெளியேறவும் உள்ள பெரிய பிளைட்டைக் குலுக்கலுக்குப் பிறகு, உள்ளூர்ப் பிளைட்டுகளை அதற்கும் பிறகு. அறையே கிடைக்கவில்லை என்று அழவும் வேண்டாம். அமைப்பாளர்கள் மொத்தமாகப் பிடித்துவைத்த அறைகளில் ஒரு பங்கைப் போட்டி நெருங்கும்போது திருப்பி விடுவது வழக்கம், அப்போது விலை இறங்குவதும் உண்டு. ஆனால் அதற்காகவே காத்திருக்க நெஞ்சுரம் வேண்டும்.

விசா விஷயத்தில் மட்டும் காத்திருப்பு உதவாது. ஆட்ட டிக்கெட் விசா ஆகாது. ரஷ்யாவும் கத்தாரும் ரசிகர் அட்டையையே நுழைவு அனுமதியாக ஏற்றதால் பலருக்கு அதுதான் நடைமுறை என்று ஒரு நினைப்பு. 2026-க்கு அமெரிக்கா, கனடா, மெக்சிகோ என்று மூன்று நாட்டு விதி. யூரோ 2028 பிரிட்டனிலும் அயர்லாந்திலும், டப்ளினில் ஆட்டம் என்றால் பல நாட்டவர் தனி விசா யோசிக்கவேண்டும். 2030 உலகக் கோப்பை ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ, அதோடு தொடக்க ஆட்டங்களில் மூன்று உருகுவே, அர்ஜென்டினா, பராகுவேயில். அங்கே ஆடும் அணியின் ரசிகருக்கு முதல் ஆட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே அட்லாண்டிக் கடல். அணி தோற்றாலும் ஜெயித்தாலும் எந்த எல்லையைத் தாண்டவேண்டி வரும் என்று அட்டவணையில் பார்த்து, பலமுறை நுழையும் விசாவாகக் கேளுங்கள். ஒருமுறை மட்டும் நுழையும் விசாவோடு பக்கத்து நாட்டு ஆட்டத்துக்குப் போனால் திரும்பி வரமுடியாது.

நான் அடுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது 2027 மகளிர் உலகக் கோப்பை, ஜூன் 24 முதல் ஜூலை 25 வரை பிரேசிலில். எட்டு நகரங்கள், 32 அணிகள். தெற்கே போர்ட்டோ அலெக்ரேயிலிருந்து வடக்கே ஃபோர்ட்டலேசா மூவாயிரம் கி.மீ.க்கு மேல், நகரங்களுக்கிடையே ரயில் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஓட்டப் பயணம் அங்கே தானாகவே அடிபட்டுவிட்டது. சாவோ பாவ்லோவிலிருந்து மற்ற ஏழு ஊர்களுக்கும் நேரடி விமானம் உண்டு என்பதால் கூடாரம் அங்கே. இரண்டாவது, மூன்றாவது ஆட்டத்துக்கு டிக்கெட், திரும்பும் பிளைட் தேதி மாற்றக்கூடியது. கடைசி 16 சுற்று எந்த ஊரில் வரும் என்பதற்கு இரண்டு வாய்ப்பு இருக்கும், இரண்டு ஊரிலும் ஒவ்வோர் அறை. ரத்து செய்யும் தேதிகள் காலண்டரில், நேரங்கள் தாளில், தாள் சட்டைப் பையில்.